கனகி நிலையத்தில் கைமாறும் வளையம்

ஜப்பானின் சிற்றூர் நிலையம் ஒன்றில் ரயில் வந்து நிற்கிறது. ஓட்டுநர் ஒரு பெரிய கம்பி வளையத்தை நீட்ட, நிலைய ஊழியர் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறார். வீடியோவில் இதைப் பார்த்த வாசகர் ஒருவர், "இந்த வளையம் எதற்கு?" என்று கேட்டிருந்தார்.

அவோமோரி மாநிலத்தின் கனகி நிலையத்தில் இந்தக் கைமாற்றம் அன்றாட வேலை. 1930-இல் திறக்கப்பட்ட ட்சுகாரு ரயில்வேயின் 20.7 கி.மீ. பாதை முழுவதும் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிர் ரயில்கள் விலகிப்போகும் இடம் கனகி.

ஒற்றைப் பாதையில் வாய்மொழி அனுமதி போதாது. 1874-இல் இங்கிலாந்தின் தோர்ப் அருகே, தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரு முனைகளிலிருந்தும் ரயில்கள் புறப்பட்டு நேருக்கு நேர் மோதின. அதன் பின் ஆங்கிலேயப் பொறியாளர் எட்வர்ட் டையர் உருவாக்கிய கருவிதான் டேப்லெட் இயந்திரம். வளையத்தோடு சேர்ந்த தோல்பைக்குள் இருப்பது 'டேப்லெட்' எனப்படும் உள்ளங்கை அகல உலோகத் தட்டு. அதைக் கையில் வைத்திருக்கும் ரயில் மட்டுமே அந்தப் பிரிவில், அதாவது இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில், ஓடலாம்.

அழகு அந்த இயந்திரத்தில்தான் இருக்கிறது. பாதையின் தென்முனை நிலையமான கோஷோகவாராவில் ஒரு பெட்டி, கனகியில் அதன் இணை; இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. இரண்டிலும் தட்டுகள் அடுக்கியிருந்தாலும், தன் பெட்டியிலிருந்து ஒன்றைத் தானாக எடுக்க எவராலும் முடியாது. கோஷோகவாரா மணியடித்துக் கேட்கும். பாதை காலியென்று உறுதிசெய்து கனகி பொத்தானை அழுத்தினால், கனகியின் இழுப்பறை பாதி திறக்கும், கோஷோகவாராவின் இழுப்பறை முழுதாகத் திறந்து ஒரு தட்டைத் தரும். அந்தக் கணமே மின் இணைப்பு மாறிவிடுவதால், வெளியே போன தட்டு இரண்டில் ஏதாவதொரு பெட்டிக்குத் திரும்பும்வரை இரண்டுமே பூட்டிக்கொள்ளும். எங்கோ கி.மீ. கணக்கில் தள்ளியிருக்கும் பெட்டி, இங்கே ஒரு தட்டு வெளியே இருப்பதை 'அறிந்திருக்கிறது'. கணினி இல்லை, மின்காந்தமும் நெம்புகோலும்தான்.

ஜப்பானில் தட்டின் நடுத்துளை வட்டம், சதுரம், முக்கோணம், நீள்வட்டம் என நான்கு வகை. அடுத்தடுத்த பிரிவுகளுக்கு வெவ்வேறு துளை என்பதால், தவறான தட்டோடு கிளம்பினால் கண்ணுக்கும் விரலுக்கும் உடனே தெரியும்.

இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டி கழன்று வழியில் நின்றுவிட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே ரயில் முழுதாக வந்துசேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தட்டைப் பெட்டியில் போட வேண்டும். இன்னொரு தொல்லை: ஒரே திசையில் அதிக ரயில்கள் போனால் தட்டுகள் ஒரு முனையில் குவிந்து, மறுமுனை காலியாகும். அப்போது ஊழியர் பெட்டியைத் திறந்து, தட்டுகளை எடுத்துப்போய் மறுமுனையில் நிரப்ப வேண்டும். ஓட்டுநர் மறந்து தட்டோடு போய்விட்டாலோ, அது திரும்பும்வரை பாதை முடங்கும். தாமதம் வருமே தவிர மோதல் வராது.

கனகிக்கு வடக்கே, பாதையின் மறுமுனையான நகசாதோ வரை இயந்திரமும் கிடையாது. அங்கே 'ஸ்டாஃப்' என்ற ஒரே ஒரு அடையாளப் பொருள். அதோடு போன ரயில் திரும்பினால்தான் அடுத்தது போகலாம். அதனால்தான் கனகியில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குகிறார்கள். இலங்கையில் பதுளைக்கு ரயிலில் போனவர்களுக்கும் டேப்லெட் கைமாற்றம் பழகிய காட்சிதான்.

பழைய கருவி என்றாலே ஆபத்து என்பது ஒரு மூடநம்பிக்கை. இவற்றைப் பழுதுபார்க்கும் கைத்திறனைக் காக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கனகியில் கம்பத்தில் கை நீட்டி நிற்கும் பழைய கைகாட்டி சிக்னலும் இன்னும் உண்டு. நெம்புகோலை இழுத்தால் கம்பி வழியே கை சாயும். கிடையாக நின்றால் 'நில்', 45 பாகை சாய்ந்தால் 'போ'. கம்பி அறுந்தால் எதிரெடை கையைக் கிடைநிலைக்கே தள்ளும். வெயில்தான் இதற்குச் சோதனை: 300 மீட்டர் எஃகுக் கம்பி 30 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 11 செ.மீ. நீளும். தொய்ந்த கம்பியை இழுத்தால் கை பாதிதான் சாயும். அதனால் பருவத்துக்கேற்பக் கம்பியின் இழுவிசையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.