மூன்று மில்லிமீட்டர் கம்பி ஏன் வளைந்தது?

நான் வீட்டில் கட்டிய முதல் பாறை ஏறும் வண்டி ஒரு கல்லைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. ரிமோட் வண்டிதான், மொத்த எடை இரண்டரை கிலோ. முழங்கால் உயரக் கருங்கல்லில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. தூக்கிப் பார்த்தால், பின் அச்சைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, பிடித்திருந்த கீழ்க் கம்பிகளில் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய எம்3, அதாவது 3 மி.மீ மரைக் கம்பி, அதுவும் எஃகு. வண்டி உருளவில்லை, எதிலும் மோதவில்லை, சும்மா உட்கார்ந்ததற்கே இப்படி. இரண்டரை கிலோவைத் தாங்காதது என்ன இரும்பு என்று கோபம்தான் வந்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பு கம்பியுடையது இல்லை.

இந்த விளையாட்டின் அசல் ஜீப்களுடையது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒரு பாறைப் பாதை இருக்கிறது. 1953 முதல் அங்கே ஜீப்காரர்கள் கூட்டமாகப் போய் ஏறுகிறார்கள். ரிமோட்டில் அதைச் செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு முதலில் ஆயத்த வண்டி எதுவும் கிடையாது. டாமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் போன்ற ராட்சதச் சக்கர வண்டிகளின் அச்சுகளைக் கழற்றி, நடுவில் தாங்களே ஒரு சேசிஸைக் கட்டிக்கொண்டார்கள். இன்றும் சொந்தமாகக் கட்டுபவர் அச்சையும் மோட்டாரையும் வாங்கிவிடுவார். அவர் கையால் செய்வது பெரும்பாலும் சேசிஸும், அதை அச்சோடு இணைக்கும் இந்தக் கம்பிகளும்தான். இவற்றை லிங்க் என்பார்கள்.

ஒரு அச்சுக்கு நான்கு லிங்க்: கீழே இரண்டு, மேலே இரண்டு. வண்டியின் எடையை இவை சுமப்பதில்லை, அது ஸ்பிரிங்கின் வேலை. அச்சு முன்னே பின்னே ஓடாமல், பக்கவாட்டில் நழுவாமல், தன்னைத் தானே சுற்றிக்கொள்ளாமல் பிடித்துவைப்பதுதான் லிங்க்கின் வேலை. மேல் இரண்டையும் 'வி' வடிவில் சாய்த்து வைப்பது பக்கவாட்டு நழுவலைத் தடுக்கத்தான். ஒவ்வொரு லிங்க்கின் இரு முனையிலும் ஒரு குண்டு மூட்டு உண்டு. நம் தோள்மூட்டு மாதிரி அது எல்லாப் பக்கமும் திரும்பும். இப்படி இரு முனையும் தாராளமாகத் திரும்பும் கம்பிக்கு அச்சால் இரண்டே இரண்டு காரியம்தான் செய்ய முடியும்: நீளவாக்கில் தள்ளலாம், நீளவாக்கில் இழுக்கலாம். வளைக்க முடியாது.

அந்தத் தள்ளலும் இழுப்பும் எவ்வளவு என்று பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 120 மி.மீ. கீழ் லிங்க் அச்சில் பூட்டியிருக்கும் இடம் தரையிலிருந்து 50 மி.மீ உயரம், மேல் லிங்க் 85 மி.மீ. எல்லாம் கிடைமட்டம் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரங்கள் 2 கிலோ விசையோடு வண்டியை முன்னே தள்ளுகின்றன. கீழ் லிங்க்குகள் இரண்டும் சேர்ந்து அந்த 2 கிலோவைத்தான் சுமக்கும் என்று தோன்றும். ஆனால் சக்கரம் முன்னே சுழலும்போது அச்சுக்கூடு எதிர்ப்பக்கம் முறுக்கும். துளை போடும் டிரில் மெஷின் பிட்டு சிக்கினால் நம் கையை முறுக்குமே, அதேதான். அந்த முறுக்கலைப் பிடிக்க மேல் லிங்க்குகள் சுமார் 2.9 கிலோ இழுவிசையை ஏற்கின்றன. அதை ஈடுகட்டக் கீழ் லிங்க்குகளில் 4.9 கிலோ அழுத்தம் விழுகிறது. மேல் லிங்க்கைப் பத்தே மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பூட்டினால் இந்த எண்கள் 4, 6 ஆகிவிடும். மேலும் கீழும் நெருங்க நெருங்க விசை ஏறும். முன் அச்சில் கணக்கு தலைகீழ், அங்கே கீழ் லிங்க் இழுபடும், மேல் லிங்க் அமுங்கும்.

சரி, 6 கிலோ பெரிய சுமையா? இல்லவே இல்லை. 100 மி.மீ நீளமுள்ள நேரான எம்3 எஃகுக் கம்பியை நுனியிலிருந்து அமுக்கினால், அது வளைந்து சரிய 30 கிலோவுக்கு மேல் வேண்டும். மோட்டார் என்ன முக்கினாலும் அந்தப் பக்கம் போகாது.

கல்தான் வளைக்கிறது. விறகுச் சுள்ளியை நுனியில் பிடித்து அமுக்கி யாரும் ஒடிப்பதில்லை, முழங்காலில் வைத்துத்தான் ஒடிப்போம். வண்டி வயிறு தட்டி உட்காரும்போது கல் முழங்கால் ஆகிறது, லிங்க் சுள்ளி ஆகிறது. எம்3 கம்பியின் வெளி விட்டம் 3 மி.மீ என்றாலும், மரையின் பள்ளத்தில் மிஞ்சும் எஃகு 2.4 மி.மீதான். வண்டியின் இரண்டரை கிலோவும் ஒரே லிங்க்கின் நடுவில் உட்கார்ந்தால், அந்தப் பள்ளத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 47 கிலோ தகைவு (உலோகத்துக்குள் ஏறும் விசை) ஏறும். கடையில் கிடைக்கும் சாதாரண மரைக் கம்பி 24 முதல் 32 கிலோவுக்குள் நிரந்தரமாக வளைந்துவிடும். நான் குதிக்கவிட்டிருக்கவே வேண்டாம், வைத்தாலே போதும்.

இடையில் ஒன்று. என் வண்டி ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு அளவு. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று ஆகும், கம்பியின் குறுக்குவெட்டோ நூறில் ஒன்றுதான் ஆகும். ஆகவே பொம்மை, ஜீப்பைவிடப் பத்து மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் பாறை ஏறும் ஜீப்களின் கீழ் லிங்க்குக்கு 2 அங்குலத் தடித்த குழாய் சர்வசாதாரணம். நான் போட்டது அந்த ஜீப்புக்கு 24 மி.மீ கம்பியைப் போட்டதற்குச் சமம். இயற்கை கொடுத்த சலுகையை நானே தின்று தீர்த்திருக்கிறேன்.

வளைவைத் தாங்குவது கம்பியின் வெளிப்புறம்தான், நடு உலோகம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதனால்தான் மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் பந்தலைத் தாங்குகிறது. வெளி விட்டம் 6, உள் விட்டம் 4 மி.மீ உள்ள அலுமினியக் குழாயை எடுங்கள். ஒரு மீட்டர் எடை எம்3 மரைக் கம்பியின் எடையை ஒட்டியே வரும். ஆனால் அதே இரண்டரை கிலோவுக்கு அதில் ஏறும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 4 கிலோவைத் தொடாது, பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தக் குழாய் அதைப்போல் மூன்று நான்கு மடங்கைக் கூசாமல் தாங்கும்.

இனி வீட்டு வேலை. மரைக் கம்பியைத் தூக்கி எறிய வேண்டாம், குழாய்க்குள் நுழையுங்கள். இரு முனையிலும் குண்டு மூட்டைத் திருகி, அதன் தோள் குழாயின் வாயில் இறுக முட்டும்வரை முடுக்குங்கள். இப்போது உள்ளே கம்பி இழுபட்டு நிற்கிறது, வெளியே குழாய் அமுங்கி நிற்கிறது. கல் தட்டும்போது வளைவைக் குழாய் வாங்கிக்கொள்ளும். இறுக்கம் இருக்கும்வரை மூட்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி திறக்காது, மரைக்கு நேராக அடி விழாது. இதற்குக் குழாயின் வாய் செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்க வேண்டும். கோணலாக இருந்தால் ஒரு ஓரம் மட்டும் முட்டும், இறுக்கும்போதே கம்பியை நாமே வளைத்துவிடுவோம். இங்கே அவசரப்படக் கூடாது, அரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் தேய்த்தால் குறைந்துபோகாது.

பலரும் செய்யும் தப்பு, நீளம் போதவில்லை என்று மூட்டை இரண்டு மூன்று சுற்று வெளியே திருப்பி விடுவது. அப்போது குழாய்க்கும் மூட்டுக்கும் நடுவில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் மரை வெறுமனே தெரியும். மரையின் ஒவ்வொரு பள்ளமும் கத்தியால் கீறிய கோடு மாதிரி, தகைவெல்லாம் அங்கே வந்து குவியும். திரும்பத் திரும்ப ஆடினால் அந்த இடத்தில் விரிசல் தொடங்கலாம். நீளம் வேண்டுமென்றால் வேறு குழாய் வெட்டுங்கள்.

இத்தனையும் செய்த என் இரண்டாவது வண்டியில் குழாய் ஜோராக இருந்தது, ஆனால் மூட்டின் கழுத்து முறிந்தது. ஒரு நாள் முழுக்கக் காரணம் பிடிபடவில்லை. குண்டு எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு சக்கரம் மேலே, மறு சக்கரம் கீழே என்று அச்சு முழுசாகச் சாயும்போது அந்த எல்லையை என் மேல் லிங்க் தாண்டப் பார்த்தது. எல்லையில் முட்டிய கணமே அது மூட்டு இல்லை, நெம்புகோல். அச்சால் லிங்க்கை வளைக்க முடியாது என்று மேலே சொன்னேனே, அந்த வாக்கியம் அங்கே செத்துவிடுகிறது. நெம்பல் முழுவதும் கழுத்து மரையில் இறங்குகிறது. இதைப் பிடிக்க எளிய வழி: ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, அச்சைக் கையால் இரு பக்கமும் முழுசாகச் சாய்த்துப் பாருங்கள். எங்காவது 'கட்' என்று நின்றால் அங்கேதான் உடையப்போகிறது. பூட்டும் கோணத்தை மாற்றுங்கள், அல்லது குண்டின் இருபுறமும் கூம்பு வாஷர் போட்டு இடம் கொடுங்கள். ஷாக் முழுசாக நீண்டு நிற்பது, மூட்டு முட்டுவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

கீழ் லிங்க்குக்கு நான் இப்போது உலோகமே போடுவதில்லை. டெல்ரின் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டால் பிளாஸ்டிக், 8 மி.மீ உருட்டுத் தண்டு. அதே இரண்டரை கிலோ நடுவில் உட்கார்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளையும், எடுத்ததும் திரும்ப நிமிரும். அலுமினியம் கல்லில் உரசிச் சிக்கும், இது வழுக்கிக்கொண்டு போகும். முனையில் 3.3 மி.மீ துளை போட்டு எம்4 டேப் என்ற மரை வெட்டும் கருவியால் மரை வெட்டுவேன், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒரே குறை, அடிக்கடி கழற்றி மாட்டினால் அந்த மரை தளர்ந்துவிடும். அதனால் துளையை 12 மி.மீக்குக் குறையாமல் ஆழமாகப் போடுகிறேன். மேல் லிங்க்கைக் கல் தொடுவது அபூர்வம், அங்கே குழாய் போதும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு குழாய் லிங்க்குகளைக் கழற்றி, மூட்டுகளை எடுத்துவிட்டு, சமையல் மேடைக் கிரானைட்டில் உருட்டுவேன். நேரான குழாய் சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் டொக் என்று தட்டும், கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும்கூட.