கொக்கின் சிறகில் வந்த வானவில்

நோர்வூட்டில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, மாலை வெயிலை எதிர்கொண்டு எடுத்த வெள்ளைக் கொக்கு. சிறகின் பின்னோரம் நெடுகிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். "கொக்குக்கு ஏது சேர் இந்த நிறம்? எடிட் பண்ணினது என்று தோழிகள் சொல்றாங்க. சாமி காட்டின அடையாளம் என்று அப்பாயி சொல்றாங்க."

படம் உண்மையானது. காரணம் இறகின் நெய்தலில் இருக்கிறது.

எதிர்வெயிலில் பறவையின் உடல் கறுத்து, ஓரம் மட்டும் மினுங்கும். இறகுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் இடத்தில் ஒளி நுழையாது. ஓர் இறகின் கனமே உள்ள பின்னோரத்தில் நுழையும். லயத்துக் கூரைக்கடியில் கூடு கட்டும் தகைவிலானுக்கோ இறகு முழுக்க மெலனின் என்னும் கருநிறமி. ஒளியை அது விழுங்கிவிடும். வெள்ளை இறகில் அந்தத் தடை இல்லை.

இறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டின் இருபுறமும் சீப்புப் பல் போல இழைகள். ஒவ்வோர் இழையிலும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணிழைகள், ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்தபடி. ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 30, 40 நுண்ணிழைகள் சீரான இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வோர் இடுக்கிலும் நுழையும் ஒளியலை விசிறிபோல விரிகிறது. பக்கத்து இடுக்கின் அலையோடு முகடும் முகடும் சேர்ந்த திசையில் வெளிச்சம். முகடும் பள்ளமும் சேர்ந்த திசையில் இருள். நீலத்துக்கு அலைநீளம் குறைவு, ஆகவே சூரியனிலிருந்து ஏறத்தாழ 1 பாகை விலகிச் சேர்கிறது. சிவப்பு ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில். இதுதான் விளிம்பு விளைவு.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் சுமார் 2 பாகை. சூரியனை ஒட்டிய அந்தக் கட்டைவிரல் அகலத்துக்குள் கொக்கு வந்தால்தான் நல்ல நிறம். எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது இதுதான்: தூரத்துக் கொக்கின் சிறகு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் அடங்கிவிடும். சூரியனை நெருங்க நெருங்க அது முதலில் சிவக்கும், பிறகு பச்சையாகும், நீலமாகும், கடைசியில் வெள்ளை வெளிச்சத்தில் கரையும். கடந்து போகையில் அதே வரிசை தலைகீழாக ஓடும். பறவை அருகில் என்றால் ஒரே சிறகில் எல்லா நிறமும் ஒன்றாக விரியும். மாணவியின் கொக்கு அருகில் பறந்திருக்கிறது.

1673இல் ஸ்கொட்லாந்துக் கணித அறிஞர் ஜேம்ஸ் கிரெகரி இருட்டறையில் ஒரு சிறு துளை வழியே வெயிலை விட்டு, துளையில் பறவை இறகை வைத்தார். எதிர்ச்சுவரில் சின்னச்சின்ன வட்டங்கள் விழுந்தன. நடுவிலிருந்தது வெள்ளை, மற்றவை நிறம் நிறமாக. இதற்கு நியூட்டன் என்ன சொல்வார் என்று அறிய ஆசையாக இருக்கிறது என்று கடிதமும் எழுதினார். ஒளி அலைதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூடம் பெயருக்குத்தான் இருக்கிறது. அதற்குப் பணம் ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது பிள்ளைகளின் உரிமை. பணம் வரும்வரை இந்த ஒரு பாடத்தையாவது இறகை வைத்து நடத்தலாம்.

படமெடுக்கப் போகிறவர்களுக்கு: கமராவின் கண்துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். திரையைப் பார்த்தே எடுங்கள். சூரியனே அரைப் பாகை அகலம் என்பதால் நிறங்கள் சற்றுக் கலங்கும். தேயிலை மலை முகட்டில் அது முக்கால்வாசி இறங்கியபின் தெளியும். ஷட்டர் 1/2000 வினாடி. வெளிச்ச அளவைக் குறைத்து வையுங்கள்.

தங்கச்சி, தோழிகளுக்குக் காட்டக் கொக்கு தேவையில்லை. இரவில் அறையின் ஒரு கோடியில் போன் டோர்ச்சைப் போட்டுவிட்டு, மறுகோடியில் நின்று, வெள்ளைக் கோழியின் சிறகிலிருந்து எடுத்த இறகு ஒன்றைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். டோர்ச்சைச் சுற்றிப் பெருக்கல் குறி வடிவில் நிறப்புள்ளிகள் தெரியும். முதலில் அப்பாயியின் கையில் கொடுங்கள்.