துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தளர்வதும் விரலுக்கே தெரியும். மூச்சோடு நாடியும் இரத்த அழுத்தமும் மாறுவதை ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-லேயே குதிரையிடம் கண்டு எழுதிவைத்தார். இன்று ஸ்மார்ட் வாட்சும் மோதிரமும் காலையில் காட்டும் 'மீட்சி' மதிப்பெண், அதாவது உடல் எவ்வளவு தேறியிருக்கிறது என்ற கணிப்பு, பெருமளவு இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் பிறக்கிறது.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக 1,000 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு என்று பொருளல்ல. 960, 1,040, 990 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். இதயத்தைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புதான் அதைப் பிடித்து நிறுத்தி 60, 70-க்குக் கொண்டுவருகிறது. இந்த நரம்பின் பிடி ஒரு விநாடிக்குள் இறுகும், தளரும். இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளின் முடுக்கம் உறைக்கச் சில விநாடிகள் ஆகும். ஆகவே ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க வல்லது வேகஸ் மட்டுமே. உடல் ஓய்ந்திருக்கும்போது இடைவெளிகள் ஏறி இறங்குகின்றன. பதற்றத்திலும் களைப்பிலும் அவை ஒரே சீராகிவிடுகின்றன. சீரான துடிப்பே நிம்மதியின் அடையாளம் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

வாட்சைத் திருப்பினால் தெரியும் பச்சை ஒளிதான் அளவுகோல். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நாளங்கள் விம்மும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்தக் குறைவுகளுக்கு இடையேயான நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. கை அசைந்தால் கணக்கு குழம்பும் என்பதால் பெரும்பாலான கருவிகள் தூக்கத்தில் எடுத்த அளவையே நம்புகின்றன.

இடைவெளிகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதைக் கருவி மில்லி விநாடியில் ஓர் எண்ணாகச் சொல்கிறது. இந்த எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவது வீண். ஒருவருக்கு 25 மில்லி விநாடி இயல்பு, இன்னொருவருக்கு 90. இருவருமே நலமாக இருக்கலாம். வயது ஏறினால் பொதுவாக எண் இறங்கும். உங்களுடைய சில வார அளவுகளே உங்களுக்கான அளவுகோல்.

பயிற்சி தசையைக் களைக்கச் செய்கிறது. வலு ஏறுவது அதற்குப் பிந்தைய ஓய்வில். கடுமையாக ஓடிய நாளின் இரவில் எண் விழுந்து ஓரிரு நாளில் மீண்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாலைந்து நாளாக எழாமல், ஓய்வுநிலை நாடியும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் பயிற்சியைக் குறைப்பதே நல்லது. ஆனால் தேர்வு பயம், காய்ச்சலின் தொடக்கம், மது, தூக்கமின்மை எதுவானாலும் எண் அதே போலத்தான் விழும். காரணத்தைக் கருவி அறியாது. மிகையான பயிற்சியால் சோர்ந்த சில விளையாட்டு வீரர்களுக்கு எண் வழக்கத்தைவிட ஏறுவதும் உண்டு.

மதிப்பெண்ணை எண்ணிக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்; மருத்துவர்கள் 2017-ல் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரிட்டார்கள். எனவே நான் காலையில் திரையைப் பார்க்கும் முன்பே உடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். அந்த வரியும் எண்ணும் முரண்படும் நாட்களில்தான் முந்தைய நாளை ஒவ்வொரு மணியாகத் திரும்பிப் பார்க்கிறேன்.