அம்மியில் வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நசுக்கக் கூடாத மாத்திரையை நசுக்கியது இந்த மாதம் இது மூன்றாவது தடவை. ஆயாவுக்கு விழுங்க வரவில்லை என்று மகள் ஃபெலோடிபின் பிரஷர் மாத்திரையை அம்மியில் நுணுக்கிக் கூழில் கலந்து கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஆயாவுக்குக் கண் இருட்டி, விழுந்து, நெற்றியில் தையல். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். ‘நசுக்கக் கூடாது’ என்று நான் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தது.

ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து அது. மரக்கூழிலும் பஞ்சிலும் இருக்கும் செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்த ஹைப்ரோமெல்லோஸ் அதற்குள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் சப்ஜா விதை மாதிரி மேலே வழுவழுப்பாகக் கட்டிக்கொள்ளும். மருந்து அதன் வழியே சிறுகச் சிறுகக் கசியும். நுணுக்கிய பொடியில் அந்தக் கூடு ஏது? நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரேயடியாக உடம்பில் இறங்கி, பிரஷர் சட்டென்று விழுந்துவிடும்.

இன்னொரு புகார்தான் என்னை நிஜமாகவே சோதிக்கிறது: “தங்கச்சி, மாத்திரை வெளிக்குப் போகும்போது அப்படியே வருது. டூப்ளிகேட்டு, பிளாஸ்டிக்கு!” இல்லை அண்ணா. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர், அதாவது மருந்தை மெதுவாக விடும் வகை, மாத்திரையில் மருந்து உடம்பில் சேர்ந்துவிடும், கூடு மட்டும் கொழகொழவென்று வெளியே வரலாம். காலிச் சக்கை அது. செல்லுலோஸ் நமக்குச் செரிக்காது. கீரை நாரும் அதே செல்லுலோஸ்தான், அதை யாரும் டூப்ளிகேட் என்பதில்லை. நம்பாதவர்களுக்காக ஒரு மாத்திரையைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கவுண்டரில் வைக்கிறேன். அரை மணியில் ஓரம் கண்ணாடி போலாகும், விரல் வைத்தால் வழுக்கும். கண் வறட்சிக்குக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றிலும் இதே ஹைப்ரோமெல்லோஸ்தான். அதைப் பற்றி மட்டும் புகாரே வராது.

  

பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எக்ஸ்எல், எஸ்ஆர், எம்ஆர் என்று இருந்தால் நுணுக்காதீர்கள், மெல்லாதீர்கள். நடுவில் கோடு இருந்தாலும் கேட்டுவிட்டு உடையுங்கள். விழுங்க முடியாவிட்டால், தயவுசெய்து, முதலில் எங்களிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாதாரண மாத்திரையோ திரவ மருந்தோ பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஆயாவுக்கு டாக்டர் அம்லோடிபின் சாதாரண மாத்திரை எழுதினார். அதைப் பொடித்துக் கொடுக்கலாம். அம்மியில் மட்டும் வேண்டாம் என்றேன். மிளகாய்க் காரம் போகாது.