கிளாமுக்கு அடிபட்டால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் வளர்க்கும் ராட்சத கிளாம்கள் (இரண்டு ஓடுள்ள பெரிய சிப்பிகள்) பல, அடிபட்ட பிறகு நடக்கும் வைத்தியத்தில்தான் சாகின்றன. கல் விழுந்தது, மீன் கடித்தது, இடம் மாற்றும்போது பிய்ந்தது என்று தெரிந்தவுடன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கெட்டில் போடுவார்கள், மருந்து ஊற்றுவார்கள், விளக்கை அணைத்து 'ஓய்வு' கொடுப்பார்கள். இவற்றில் எதுவுமே முதல் வேலை இல்லை. காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ராட்சத கிளாமுக்கு மேலே படும் காயமும் அடியில் படும் காயமும் ஒன்றல்ல.

மேலே வண்ணமாக விரிந்து நிற்கும் சதைதான் மேன்டில். மீன் கடித்து அதன் ஓரத்தில் சின்னத் துண்டு போயிருந்தாலோ, நண்டு கிள்ளி வெட்டுப்போல் இருந்தாலோ பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் நன்றாக இருந்து, கடித்த ஆளும் தொட்டியை விட்டுப் போய்விட்டால், சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஓட்டின் விளிம்பு உடைந்திருந்தாலும் அப்படித்தான். மேன்டில் உள்ளிருந்து புது ஓட்டைச் சுரந்து அடைத்துக்கொள்ளும். அதற்குக் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் இருக்க வேண்டும். அளவைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். காயம் பட்டதே என்று ஒரே நாளில் காரத்தன்மையை 7-லிருந்து 10-க்கு ஏற்றினால், ஆறவேண்டியது ஆறாது.

அடிப்பக்கம் வேறு கதை. இரண்டு ஓடும் சேரும் கீலை ஒட்டிய திறப்பு வழியாகப் பாதம் வெளியே வந்து, பிடிநூல்களைச் சுரந்து கிளாமைப் பாறையோடு கட்டி வைக்கிறது. மேக்சிமா, குரோசியா இரண்டும் இப்படிக் கெட்டியாகப் பிடிக்கும் இனங்கள். பிடித்து இழுத்தால் நூல் அறுவதற்கு முன் நூல் சுரக்கும் சதையே பிய்ந்து வந்துவிடும். பாறையில் ஒரு துணுக்கு வெள்ளைச் சதை ஒட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. மேலே மேன்டில் அழகாக விரிந்திருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளே அழுகத் தொடங்கிய பிறகும் சில நாள் அப்படியே நிற்கும்.

பாதம் பிய்ந்த கிளாமுக்கு மருந்து கிடையாது, பாதுகாப்புதான் உண்டு. பெட்டாடின், பசை, மஞ்சள் தூள் எதுவும் வேண்டாம். (மஞ்சள் தூளைக் கேட்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.) காய்கறி கழுவும் சிறு கண் பிளாஸ்டிக் கூடை ஒன்றை எடுத்து, பழைய தொட்டித் தண்ணீரில் அலசி, அதே தொட்டிக்குள் வைத்து, அடியில் ஒரு தட்டையான கல்துண்டைப் போடுங்கள். அதன்மேல் கிளாமை நிமிர்த்தி நிறுத்தி, இருபக்கமும் சிறு கல்லால் அண்டை கொடுங்கள். கிழிந்த சதையின் வாசனைக்குத் துறவி நண்டும் முள்புழுவும் வந்து தின்னத் தொடங்கும், கூடை அதற்குத்தான். அலை எழுப்பும் வேவ்மேக்கரின் நேரடி ஓட்டம் படக்கூடாது. தண்ணீர் மெல்ல அசைந்தால் போதும்.

விளக்கை மட்டும் குறைக்காதீர்கள். கிளாமுக்குப் பெரும்பகுதிச் சாப்பாடு மேன்டிலில் வாழும் பாசிகள் வெளிச்சத்தில் சமைத்துத் தருவதுதான். இருட்டில் வைத்தால் பட்டினி. மேக்சிமா, குரோசியாவுக்கு 300 பார் (பாசிக்குப் பயன்படும் ஒளியின் அலகு) அளவு ஒளி வேண்டும். ஸ்குவாமோசா, டெராசா இனங்கள் அதைவிடக் குறைவிலும் சமாளிக்கும். தனித்தொட்டியைவிடப் பழகிய தொட்டியில் கூடையே மேல் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்: அதே விளக்கு, அதே தண்ணீர். 5 சென்டிமீட்டருக்குக் கீழான குட்டிகளுக்கு நுண்பாசித் திரவம் கொஞ்சம் உதவும். பெரியவற்றின் வாயில் ஊசியால் உணவு பீய்ச்சுவது தண்ணீரைக் கெடுக்கும் வேலை.

கல்துண்டில் புது நூல் ஒட்டினால் நல்ல சேதி. ஒட்டியிருக்கிறதா என்று தினமும் அசைத்துப் பார்த்தால் அந்த நூலும் போகும். பார்க்க வேண்டியது வேறு. மேலே கையை மெதுவாகக் கொண்டுபோய் நிழல் விழ வையுங்கள். மேன்டில் சட்டென்று உள்ளிழுத்து ஓடு பாதி மூடினால் தெம்பாக இருக்கிறது. நிழல் விழுந்தும் சோம்பலாக அசைந்தால், உள்ளிழுக்கும் நீர்த்துளை பிளந்து உள்ளே செவுள் தெரியும்படி நின்றால் நிலைமை மோசம். விளக்கணைந்த பிறகு மேன்டில் சுருங்குவது இயல்பு. இரவில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள்.

இரவு டார்ச்சுக்கு வேறு வேலை இருக்கிறது. ஓட்டின் மேல்விளிம்பிலும் அடித்திறப்பைச் சுற்றியும் அரிசிமணி அளவில் வெள்ளை நத்தைகள் தெரிந்தால் அவை பிரமிட் நத்தைகள். மேன்டில் ஓரத்தில் துளையிட்டு உடல்நீரை உறிஞ்சுபவை. ஒன்றிரண்டு இருந்தால் கிளாம் தாங்கும், பெருகினால் வற்றிப்போகும். பழைய பல்துலக்கியால் ஓட்டின்மேல் மட்டும் தேய்த்து எடுங்கள். ஒட்டியிருக்கும் வழுவழுப்பான முட்டைத் திட்டுகளையும் விடாதீர்கள். முட்டை பொரிந்து மறுபடி வரும் என்பதால் சில வாரம் தொடர வேண்டும்.

இன்னொன்றும் காயம்போலவே தெரியும்: மேன்டிலின் ஒரு இடம் மட்டும் கிள்ளிப் பிடித்ததுபோல் மடிந்து உள்ளே இழுபட்டு, நாளுக்கு நாள் பரவும். மேக்சிமாவில் அதிகம் காணப்படுகிறது. இதற்கு நன்னீர்க் குளியல் கொடுப்பதுண்டு: தொட்டியின் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், சமையல் சோடாவால் பிஎச் 8.2 அருகே, 20 முதல் 30 நிமிடம். பாதம் கிழிந்த கிளாமுக்கு இதைச் செய்யவே கூடாது, அது பிழைக்காது. அடிப்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆர்.ஓ. என்றதும் சமையலறைக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். இந்திய வீடுகளில் இப்போது விற்கும் பல சுத்திகரிப்பான்களில் தாமிரம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நமக்கு நல்லது என்று விளம்பரப்படுத்துகிற அந்தத் தாமிரம் கிளாமுக்கு விஷம். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்தும், அந்த மருந்து பட்ட பழைய தொட்டியும், பித்தளை இணைப்புகளும் அதே கணக்கு. தொட்டியில் உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 30-ஐத் தாண்டும்போது தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். அடிபட்ட உயிருக்கு அந்த வாரம் மிகக் கெட்ட வாரம்.

இடம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பிடித்த கல்லோடு எடுங்கள். கல் பெரிதென்றால் கிளாமைச் சற்றே சாய்த்து, நூல்களைப் பாறையை ஒட்டிப் புது பிளேடால் அறுங்கள், சதையை ஒட்டி அல்ல. தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏற்றி, தண்ணீரோடு தூக்குங்கள். உள்ளே காற்று போயிருந்தால் நீருக்கடியில் மெல்லச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

வாங்கும்போதே பாதம் பிய்ந்த கிளாம் வந்தால், கடலில் பாறையிலிருந்து உளியால் பெயர்த்ததாக இருக்க வாய்ப்புண்டு. மேக்சிமா, ஸ்குவாமோசா இரண்டும் 2001-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ராட்சத கிளாம் இனங்கள் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. லட்சத்தீவுப் பாறையில் எடுத்ததை விலை கொடுத்து வாங்குவது பரிவு ஆகாது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் பண்ணையில் வளர்த்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். பண்ணைக் கிளாம் பெரும்பாலும் ஒரு கல்துண்டில் ஒட்டியபடியே வரும்.

ஓடு அகலத் திறந்து, தொட்டாலும் மூடாமல், நாற்றம் வந்தால் முடிந்தது. காலைவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெரிய கிளாம் ஒன்று அழுகினால் ஒரே இரவில் அமோனியா ஏறி மீன்களும் போகும். உடனே வெளியே எடுத்து, கால்பங்கு தண்ணீரை மாற்றி, புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, ஸ்கிம்மரை (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) முழுவேகத்தில் விடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் அமோனியாவைச் சோதியுங்கள். ஏறினால் இன்னொரு கால்பங்கு மாற்றுங்கள்.