எலெக்ட்ரிக் செடானா, பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரா? அமெரிக்க வரிச் சட்டம் இப்போது யார் பக்கம்

அமெரிக்காவில் வேகமான கார் ஒன்றை வாங்க நினைக்கும் நம் ஆட்கள் பலர் இன்னும் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். "எலெக்ட்ரிக்னா கவர்ன்மென்ட் 7,500 டாலர் குடுக்குமே, அதைக் கழிச்சுப் பார்த்தா ஸ்போர்ட்ஸ் காரைவிட மலிவுதானே?" கொடுக்காது. அந்தக் கிரெடிட், அதாவது கட்டவேண்டிய வரியில் கழித்துக் கொடுத்த சலுகை, முடிந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் எலெக்ட்ரிக் கார் எதற்கும் ஃபெடரல் கிரெடிட் கிடையாது என்று மூடிவிட்டது. புது வண்டிக்கான 7,500, பழைய வண்டிக்கான 4,000, லீஸ் கம்பெனிகள் வழியாக வந்துகொண்டிருந்த கிரெடிட், மூன்றும் ஒரே நாளில் போயின. அந்தத் தேதிக்குள் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸாவது கட்டியிருந்தவர்கள் மட்டும், வண்டி பின்னால் கையில் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையில் வேகமான எலெக்ட்ரிக் செடான்களில் பலவற்றுக்கு அந்தக் கிரெடிட் முன்பே நேரடியாகக் கிடைத்ததில்லை. செடானுக்கு 55,000 டாலர் என்று விலை வரம்பு இருந்தது, அதைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. அதனால்தான் விலை உயர்ந்த வண்டியைப் பலர் லீஸில் எடுத்தார்கள், அந்த வழியில் விலை வரம்பு இல்லை. இப்போது அந்த வழியும் இல்லை. எனவே பழைய கட்டுரை எதையாவது படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். இன்றைக்கு நிற்பவை வேறு விதிகள். அவற்றில் ஒன்று பெட்ரோல் காரின் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதே இல்லை.

அதன் பெயர் கேஸ் கஸ்லர் டாக்ஸ். பெட்ரோலைக் கண்டபடி குடிக்கும் கார்களுக்கான வரி. எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், 1978-ல், வந்த சட்டம், 1980 மாடல் கார்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள அட்டவணை 1991 மாடலிலிருந்து அப்படியே இருக்கிறது, பணவீக்கத்துக்கு ஏற்றபடி ஏற்றவே இல்லை. ஒரு காலனுக்கு 22.5 மைலோ அதற்கு மேலோ போனால் வரி இல்லை. அதற்குக் கீழே போனால் 1,000 டாலரில் தொடங்கி, ஒவ்வொரு மைல் குறையக் குறைய ஏறி, 12.5-க்கும் கீழே போகும் காருக்கு 7,700 டாலரில் நிற்கும். எலெக்ட்ரிக் கார் இதற்குள் வரவே வராது, 1,000 குதிரைத் திறன் இருந்தாலும் சரி.

இங்கேதான் ஒரு குழப்பம். ஷோரூமில் நிற்கும் காரின் ஜன்னல் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் சாதாரண மாடலான ஸ்டிங்ரேயில் நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து 19 மைல் என்று போட்டிருக்கும். 22.5-க்குக் கீழேதானே, அப்புறம் ஏன் வரி என்ற வரியே அந்த ஸ்டிக்கரில் இல்லை? காரணம், வரிக்கு எடுத்துக்கொள்வது ஸ்டிக்கரில் உள்ள எண் இல்லை. ஆய்வகத்தில் வண்டியை உருளைமேல் ஓட்டி எடுக்கும் எண்ணை, 55 சதவீதம் நகரம், 45 சதவீதம் நெடுஞ்சாலை என்று கலந்து பார்க்கிறார்கள். ஏசி, குளிர், வேகமான ஓட்டம் இதையெல்லாம் கருத்தில் வைத்து அந்த எண்ணைக் குறைத்துத்தான் ஸ்டிக்கரில் போடுகிறார்கள். ஆகவே ஆய்வக எண் எப்போதும் கூடுதலாகவே இருக்கும், ஸ்டிங்ரே தப்பித்துவிடும். அதே கார்வெட்டின் இசட்06-ஐ எடுத்தால், 2023-ல் வந்தபோது ஸ்டிக்கரில் 15 மைல், வரி 2,600 டாலர். ரேஸ் டிராக்குக்கான இசட்07 பேக்கேஜ் போட்டால் பெரிய இறக்கை காற்றை எதிர்த்து நிற்பதால் 14 மைலாகிவிடும், வரியும் 3,000 ஆகிவிடும். ஒரு ஆப்ஷனை டிக் செய்ததற்கு 400 டாலர் வரி. ஆகவே மனக்கணக்குப் போடாமல் ஸ்டிக்கரில் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இருந்தால் தொகையோடு அச்சாகியிருக்கும், மறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

இந்த வரியை அரசுக்குக் கட்டுவது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான், நீங்கள் இல்லை. அவர்கள் விலையில் ஏற்றி உங்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள், ஸ்டிக்கரின் கடைசி மொத்தத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு டீலரிடம் போயிருந்தேன். விற்பவர் நீட்டிய தாளில் மேலே ஸ்டிக்கர் மொத்தம், கீழே ரெஜிஸ்ட்ரேஷன், டாக்குமென்ட் ஃபீஸ் எல்லாம் எழுதி, நடுவில் "கஸ்லர்" என்று தனியாக 2,600. நண்பர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் எழுந்து போய்க் கார் கண்ணாடியைப் போனில் படம் எடுத்துவந்து, மொத்தத்துக்கு மேலேயே அதே 2,600 இருப்பதைக் காட்டினேன். "சிஸ்டம் தவறாக எடுத்துவிட்டது" என்று அடித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார்கள். தெரியாமல் நடந்ததாகவே இருக்கட்டும், பணம் பணம்தானே. தாளையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை உள்நாட்டில் வாங்கினால் இந்த வரி திரும்ப வராது, முதல் விற்பனையோடு முடிந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து நீங்களே ஒரு காரை வரவழைத்தால் நீங்கள்தான் இறக்குமதியாளர், வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் படிவம் போட்டு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. இந்த வரி கார்களுக்கு மட்டும்தான். எஸ்யூவி, மினிவேன், பிக்கப் டிரக் எதற்கும் கிடையாது. 1978-ல் அவையெல்லாம் பெரும்பாலும் தொழிலுக்கு ஓடியவை என்பதால் விட்டுவிட்டார்கள். இன்றைக்குத் தெருவை நிறைத்து நிற்பவை அவைதான். வாரம் ஒருமுறை வெளியே வரும் இரண்டு சீட்டர் வரி கட்டுகிறது, அதே அளவு பெட்ரோல் குடித்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போய்வரும் பெரிய எஸ்யூவி கட்டுவதில்லை. இது நியாயமில்லை, திருத்தப்பட வேண்டிய விதி. 2025 சட்டம் மைலேஜ் தரத்தை எட்டாத கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. அதைப் படித்துவிட்டுச் சிலர் கஸ்லர் வரியும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இந்த வரியை அந்தச் சட்டம் தொடவில்லை.

சரி, அந்தச் சட்டம் வாங்குபவருக்கு எதுவுமே கொடுக்கவில்லையா என்றால், ஒன்று கொடுத்தது: கார் லோன் வட்டிக்கான கழிவு. எலெக்ட்ரிக்கா பெட்ரோலா என்று இது பார்ப்பதில்லை, கடைசியாக எங்கே பொருத்தி முடித்தார்கள் என்று மட்டும் பார்க்கிறது. அமெரிக்காவில் முடித்த புது வண்டியாக இருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும், லோன் 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். 2025 முதல் 2028 வரையிலான வரி வருடங்களில், வருடத்துக்கு 10,000 டாலர் வரை வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் பொதுவான ஒரே தொகையைக் கழிப்பது) எடுப்பவர்களுக்கும் உண்டு. லீஸுக்கும் பழைய வண்டிக்கும் கிடையாது.

ஆகவே டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் முடிவது, வரும். அரிசோனாவில் செய்யும் லூசிட் ஏர் வரும். கென்டக்கியின் பௌலிங் க்ரீனில் செய்யும் கார்வெட் வரும், மிச்சிகனில் செய்யும் மஸ்டாங்கும் வரும். போர்ஷேயில் எலெக்ட்ரிக் டேகான் ஆனாலும் பெட்ரோல் 911 ஆனாலும் ஜெர்மனியில் முடிவதால் இரண்டுக்கும் கிடையாது. பிராண்டை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் கடைசிப் பொருத்துமிடம் எழுதியிருக்கும், வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டும் பார்க்கலாம். வரித் தாக்கலில் அந்த வின் நம்பரைக் கட்டாயம் எழுத வேண்டும்.

நம் ஆட்களில் பலருக்கு இது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாததாகிவிடும், அதற்குக் காரணம் வருமான வரம்பு. தனிநபருக்கு 1,00,000 டாலர், தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 2,00,000. அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 200 டாலர் கழிவு குறையும். கவனியுங்கள், குறைவது 10,000 என்ற உச்சவரம்பில் இல்லை, உங்களுக்குக் கிடைக்கவேண்டிய கழிவில். 60,000 டாலர் லோன், 7 சதவீதம், 72 மாதம் என்றால் முதல் வருட வட்டி கிட்டத்தட்ட 4,000. தம்பதியின் வருமானம் 2,10,000 என்றால் 2,000 போய்விடும், மீதி 2,000-ஐத்தான் கழிக்கலாம். 22 சதவீத வரியில் இருப்பவர்களுக்கு அது கையில் 440 டாலர். வருமானம் 2,20,000 ஆனால் மொத்தமும் போச்சு. இதற்காக ரொக்கம் இருந்தும் லோன் எடுப்பது, என் பார்வையில், சரியில்லாத முடிவு.

வாங்கிய பிறகு வருடாவருடம் வருவது ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம். எலெக்ட்ரிக் கார் பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்பதால் பெரும்பாலான மாநிலங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வைத்துவிட்டன. டெக்ஸாஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 200 டாலர், புது வண்டிக்கு முதல் பதிவில் 400. இது அதிகமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோலுக்கு மாநில வரி காலனுக்கு 20 சென்ட், 1993-லிருந்து மாறாத ஃபெடரல் வரி 18.4 சென்ட். 19 மைல் கொடுக்கும் ஸ்டிங்ரேயை வருடம் 10,000 மைல் ஓட்டினால் 526 காலன், இரண்டு வரியும் சேர்ந்து 202 டாலர். ஏறக்குறைய சரிசமம். ஆனால் வருடம் 4,000 மைல்தான் ஓட்டுவேன் என்பவருக்கு பெட்ரோல் வரி 81 டாலரில் முடிந்துவிடும், எலெக்ட்ரிக்காரர் வண்டியை எடுக்காமலே வைத்திருந்தாலும் 200 கட்டத்தான் வேண்டும். உங்கள் மாநிலத்தின் தொகையை மோட்டார் வாகனத் துறையின் கட்டணப் பக்கத்தில் பார்த்துவிட்டு, போன வருடம் எத்தனை மைல் ஓட்டினீர்கள் என்பதோடு ஒப்பிடுங்கள்.

எலெக்ட்ரிக் என்று முடிவெடுத்தால் வீட்டில் சார்ஜர் வைக்கும் செலவுக்கு ஒரு கிரெடிட் உண்டு: செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர். வருமானம் குறைந்த பகுதி அல்லது நகர்ப்புறம் அல்லாத பகுதி என்று அரசு குறித்த இடத்தில் உங்கள் வீடு இருந்தால் மட்டும்தான். அதற்கும் கடைசி நாள் 2026 ஜூன் 30. பணம் கட்டிய தேதியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சார்ஜர் சுவரில் ஏறி வேலை செய்யத் தொடங்கிய தேதிதான் கணக்கு. எலெக்ட்ரீஷியன் வருவதற்கும் ஊர் அனுமதி கிடைப்பதற்கும் சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். அதைச் சேர்த்துத் தேதியைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள், இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் படிவம் 8911-க்காக ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.