டிரை ஐஸ் கிளீனிங்: ஆக்ஸிஜன் மீட்டர் மட்டும் போதாது

பெங்களூரு பீன்யாவில் ஒரு வேஃபர் பிஸ்கட் ஆலை, ராத்திரி ஷிஃப்ட். அடுப்புத் தட்டுகளில் மாவு தீய்ந்து, பழைய தோசைக்கல்லின் ஓரம் மாதிரி கறுப்பு ஏறியிருந்தது. முன்பெல்லாம் தட்டுகளைக் கழற்றி, ஊறப்போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூட்டுவதற்குள் லைன் நாள்கணக்கில் நிற்கும். டிரை ஐஸ் பிளாஸ்டிங்கில், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்ஸைடுத் துகள்களை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் முறையில், கழற்றவே வேண்டாம். தட்டு சூடாக இருந்தால் கரி இன்னும் சீக்கிரம் உரியும்.

அரிசிமணி பருமனுள்ள, மைனஸ் 78.5 டிகிரி குளிரில் இருக்கும் துகள்கள் கம்ப்ரசர் காற்றோடு பாய்கின்றன. கரி சட்டென்று குளிர்ந்து விரிசல் விடும். துகள் அங்கேயே நூற்றுக்கணக்கான மடங்கு உப்பி வாயுவாகிக் கரியைப் பெயர்த்துவிடும். தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை. எனக்குப் பிடித்த முறைதான். ஐஸ் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் ஒன்றுமே மிச்சமில்லை என்று நினைத்துக்கொள்கிறோமே, வம்பு அங்கேதான்.

அன்றைக்கு அடுப்புக்குக் கீழே இடுப்பளவுப் பள்ளத்தில் கரியை அள்ள ஒரு தம்பி இறங்கினார், கிருஷ்ணகிரிக்காரர். கொஞ்ச நேரத்தில், "சார், தலை கனமா இருக்கு, மூச்சு வாங்குது" என்றார். கைகொடுத்து மேலே ஏற்றி, வெளியே உட்கார வைத்ததும் தெளிந்துவிட்டார். அவர் சட்டையில் ஆக்ஸிஜன் மீட்டர் மாட்டியிருந்தது. அது கத்தவே இல்லை.

மீட்டரில் பழுதில்லை. காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். கார்பன் டை ஆக்ஸைடு 4 சதவீதம் கலந்தாலும் ஆக்ஸிஜன் 20.1 வரைதான் இறங்கும். மீட்டர் கத்துவது வழக்கமாக 19.5-ல். ஆனால் 4 சதவீதம் என்பது உயிருக்கே உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவு. 8 மணி நேர வேலைக்கான வரம்பு வெறும் 0.5. ஊரில் பாழ்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். இந்த வாயுவில் விளக்கு அணையும் முன்பே ஆள் சாய்ந்துவிடலாம். ஆக்ஸிஜன் மீட்டரும் அந்த விளக்கு மாதிரிதான்.

ஒரு கிலோ டிரை ஐஸ் சுமார் 540 லிட்டர் வாயுவாகும். மணிக்கு 30 கிலோ அடித்தால் 16 கன மீட்டர். பத்துக்கு எட்டு மீட்டர் அறை, நான்கு மீட்டர் உயரம் என்றால், காற்றோட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 5 சதவீதம். அதுவும் அறை முழுக்கச் சமமாகக் கலந்தால்! காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு, பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். இப்போது நான் போகிற இடத்திலெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் தனியாக, அதுவும் பள்ளத்துக்குள் தொங்கும். எக்ஸாஸ்ட் தரைமட்டத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். பிளாஸ்டிங் நடக்கும்போது பள்ளத்தில் யாரும் கிடையாது.

இன்னொன்று, அழுக்கு. ஐஸ்தான் மறையும், கரி பறக்கும். பக்கத்து லைனில் வேர்க்கடலை ஓடினால் அதன் தூள் இந்த லைனுக்கு வந்து உட்காரும். ஒவ்வாமை உள்ளவருக்கு அது விளையாட்டில்லை. திரை கட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். "அந்தக் குளிர்ல கிருமி எல்லாம் செத்துடும் சார்" என்று மெஷின் விற்பவர்கள் சொல்வார்கள். லேபில் பாக்டீரியாவை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதே மைனஸ் 80 ஃப்ரீசரில்தான். பிளாஸ்டிங் முடிந்த பிறகும் சானிடைசர் வேலை பாக்கி இருக்கிறது. ஜூலை தூறலில் குளிர்ந்த இரும்பு வியர்க்கும். அதில் மாவுத்தூள் ஒட்டினால் பூஞ்சைக்கு விருந்து. துடைத்து, உலர்த்தி, பிறகுதான் லைன்.

இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பான் கட்டாயம். மெஷினுக்கு எர்த்திங் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள், மாவு பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும்.

விடியற்காலை, அதே தம்பி மிஞ்சிய துகள்களைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் பிள்ளைகளுக்குப் புகை விட்டுக் காட்டவாம். மூடியைத் திருகுவதற்குள் வாங்கிக்கொண்டேன். மூடியிருந்தால் அது போகிற வழியிலேயே வெடித்திருக்கும். மிச்சத்தை மொட்டைமாடியில் கொட்டிவிட்டு, அது கரைகிற வரை இரண்டு பேரும் அங்கேயே நின்று டீ குடித்தோம்.